நல்ல நாயா, கெட்ட நாயா?

குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களைப் பெரியவர்கள் பொதுவாக உறங்கும் வேளைக்கான பொழுதுபோக்காகவே கருதுகின்றனர். பக்கத்திற்கு இரண்டு வரி, மற்ற இடமெல்லாம் வண்ணப் படங்கள். இதில் சிந்திக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அப்புத்தகங்களுள் ஒரு வகை, அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஒரு கேள்வியைக் குழந்தையின் மடியில் வைத்துவிடுகிறது. சொன்ன சொல் கேளாத நாயைப் பற்றிய கதைகள்தாம் அவை.

அந்த நாய் செருப்பைக் கடித்துக் குதறும், பூந்தொட்டியைக் கவிழ்க்கும், விருந்தினருக்கு வைத்த தின்பண்டத்தைத் தின்றுவிடும். வீட்டார் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். ஆயினும் கடைசிப் பக்கத்தில் நாய் வீட்டார் மடியிலேயே படுத்திருக்கும். கதை முடிந்ததும் குழந்தை கேட்கிறது: "இது நல்ல நாயா, கெட்ட நாயா?"

பெரியவர்களால் இதற்கு எளிதில் விடை கூற இயலாது. நல்ல நாய் என்றால் அது செய்தவை தவறில்லை என்றாகிவிடும். கெட்ட நாய் என்றால் வீட்டார் அதை ஏன் நேசிக்கின்றனர் என்ற அடுத்த கேள்வி எழும். நல்லொழுக்கத்திற்குத் தரப்படும் கூலிதானா அன்பு? தீய நடத்தை உடையவரையும் நேசிக்கலாம் என்றால், அந்த அன்பு தீமைக்குத் துணைபோகாதா? குழந்தையின் சிறு கேள்விக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கின்றன.

இரண்டு படக்கதைகள்

இவ்வகையில் உலகெங்கும் புகழ்பெற்ற இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஜீன் சையன் எழுதி, மார்கரெட் பிளாய் கிரஹாம் படம் வரைந்து 1956-இல் வெளிவந்த அழுக்கு நாய் ஹாரியின் கதை. ஹாரி கரும்புள்ளிகள் கொண்ட வெள்ளை நாய். குளிப்பது மட்டும் அதற்குப் பிடிக்காது. தேய்த்துக் குளிப்பாட்டும் பிரஷைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வீட்டைவிட்டு ஓடுகிறது. ஊரெல்லாம் புரண்டு, வெண்புள்ளிகள் கொண்ட கறுப்பு நாயாகத் திரும்பி வருகிறது. வீட்டாருக்கு அடையாளம் தெரியவில்லை. தான் கற்ற வித்தைகளையெல்லாம் செய்துகாட்டியும் பயனில்லை. கடைசியில் புதைத்த பிரஷைத் தானே தோண்டி எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடுகிறது. அழுக்கு நீங்கியதும் ஹாரி மீண்டும் ஹாரியாகிறது.

மற்றொன்று, அயர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் ஹாட்டன் எழுதி வரைந்து 2012-இல் வெளிவந்த ஜார்ஜின் கதை. வீட்டுக்காரர் வெளியே செல்லும்போது ஒழுங்காக இருப்பாயா என்று ஜார்ஜைக் கேட்கிறார். அதுவும் உளமார வாக்குத் தருகிறது. பிறகு மேசைமேல் ஒரு கேக் தெரிகிறது. வாக்கு காற்றில் போகிறது. பூனை கண்ணில் படுகிறது, துரத்துகிறது. தொட்டி மண்ணைப் பார்க்கிறது, தோண்டுகிறது. வீட்டுக்காரர் திரும்பியதும் ஜார்ஜ் மனம் வருந்துகிறது. இருவரும் உலாவப் புறப்படுகின்றனர். வழியில் அதே ஆசைகள் எதிர்ப்பட, இம்முறை ஜார்ஜ் அடக்கிக்கொள்கிறது. இறுதியாக ஒரு குப்பைத் தொட்டி வருகிறது. ஜார்ஜ் என்ன செய்யும்? புத்தகம் விடை கூறாமல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

வேதாந்தம் பயின்றவர்களுக்கு இவ்விரு கதைகளும் புதியவை அல்ல. அழுக்கு ஹாரியின் இயல்பு அன்று. மேலே படிந்தது மட்டுமே. அழுக்கையே ஹாரி என்று கொண்டதால் வீட்டார் சொந்த நாயையே அந்நிய நாய் என்று நினைத்தனர். ஒன்றின் இயல்பை மற்றொன்றின்மேல் ஏற்றிக் காணும் இம்மயக்கத்தையே ஆசாரியர்கள் அத்யாசம் என்றனர். ஜார்ஜின் இக்கட்டோ, கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் பகவானிடம் கேட்ட கேள்வியேயாகும்: விரும்பாதபோதும், யாரோ பலவந்தமாகப் பிடித்துத் தள்ளியதுபோல, மனிதன் பாவத்தைச் செய்வது எதனால்? நன்மை எதுவென்று ஜார்ஜுக்குத் தெரியும். அதைச் செய்யவும் அது விரும்பியது. கேக்கைக் கண்டதும் அந்த விருப்பம் நிலைகொள்ளவில்லை. தவறு செய்பவர் எல்லோரும் தவறை விரும்புபவர்கள் அல்லர் என்பதைக் குழந்தை இக்கதையிலிருந்து அறிகிறது.

இவ்வகைப் புத்தகங்கள் சிலவற்றில் ஒரு குறை உண்டு. அவற்றில் சேட்டை செய்த நாய் இறுதியில் ஆபத்திலிருந்து யாரையேனும் காப்பாற்றும். அதன் பிறகே வீட்டார் அதை ஏற்றுக்கொள்வர். அப்போது அன்பு ஒரு கொடுக்கல் வாங்கலாகிவிடுகிறது. உபகாரம் செய்த நாய்க்கு உபசாரம் கிடைக்கிறது. எவரையும் காப்பாற்றாத நாயின் கதியை அக்கதைகள் பேசுவதில்லை. வங்காள எழுத்தாளர் மகாசுவேதா தேவி தம் வீட்டுப் பசு நியாதோஷைப் பற்றிக் குழந்தைகளுக்காக எழுதிய கதையில் இக்குறை இல்லை. மீனையும் புத்தகங்களையும் தின்ற விசித்திரமான பசு அது. எந்த வீரச்செயலும் புரியாமலேயே அது அவ்வீட்டின் நினைவில் நீங்கா இடம் பெற்றது.

கதை கேட்கும் குழந்தை

நாயின் கதையைக் கேட்கும் குழந்தை தன்னை யாராக எண்ணிக்கொள்கிறது? வீட்டுக்காரராக அன்று, நாயாகவே எண்ணிக்கொள்கிறது. பாலைக் கொட்டியது, சுவரில் கிறுக்கியது, தம்பியைக் கிள்ளியது எல்லாம் அதன் நினைவில் உள்ளன. "இது நல்ல நாயா?" என்று அது கேட்பதன் உட்பொருள், "தவறு செய்தபோதும் நான் உங்களுடையவன்தானே?" என்பதாகும். பக்கத்தைப் புரட்டும் தாய் அந்தக் கேள்விக்கும் சேர்த்தே விடை கூறுகிறாள்.

தமிழ் மரபில் இக்குரல் மிகப் பழமையானது. மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்றும் நாயினும் கீழானவர் என்றும் மீண்டும் மீண்டும் கூறிக்கொள்கிறார். திருவுத்தரகோசமங்கையில் அருளிய நீத்தல் விண்ணப்பத்தின் ஐம்பது பாடல்களிலும் அவர் வேண்டுவது ஒன்றே: தம்மைக் கைவிட்டுவிடக் கூடாது. தாம் தகுதியுடையவர் என்று அவர் வாதாடவில்லை; குற்றங்களை மறைக்கவும் இல்லை. ஆண்டவனுடைய உடைமை தாம் என்ற ஒரே உரிமையில் நின்று கேட்கிறார். வாலைக் குழைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் நாய்க்கும் அந்த ஓர் உரிமைதானே உண்டு!

கங்கையைக் கடந்து வந்த பாகா

இக்கேள்விக்கு வாழ்ந்து காட்டிய விடை ஒன்று பேலூர் மடத்தின் வரலாற்றில் உள்ளது. இறுதி ஆண்டுகளில் சுவாமி விவேகானந்தர் மடத்தில் பசுக்கள், ஆடுகள், வாத்துகள் முதலிய பல பிராணிகளை வளர்த்தார். மட்ரு என்ற ஆட்டுக்குட்டியுடன் குழந்தைபோல ஓடி விளையாடுவார். அவற்றுள் பாகா என்ற நாயும் ஒன்று. உயர்ந்த சாதி நாய் அன்று. சாதாரண நாட்டு நாய். ஆனால் மடத்திற்குத் தானே தலைவன் என்பதுபோல அது நடந்துகொள்ளும்.

ஒருமுறை பாகா வரம்பு மீறி நடந்துகொண்டது. அதனால் அதைப் படகில் ஏற்றிச் சென்று கங்கையின் அக்கரையில் விட்டுவிட்டனர். பாகா அங்கே தங்கிவிடவில்லை. மாலையில் பயணிகள் படகு ஒன்றில் தாவி ஏறிக்கொண்டது. இறக்கிவிட முயன்றவர்களைப் பார்த்து உறுமியது, அவர்களும் விட்டுவிட்டனர். இக்கரை வந்து சேர்ந்து, இரவு முழுவதும் மடத்தில் எங்கோ பதுங்கியிருந்தது. விடியற்காலை நான்கு மணி அளவில் குளியலறைக்குச் சென்ற சுவாமிஜியின் காலில் ஏதோ இடறியது. பார்த்தால் பாகா! அவரது பாதங்களில் உடலை உரசிக் குழைந்து, மன்னிப்பும் இடமும் வேண்டி நின்றது. சுவாமிஜி அதைத் தட்டிக்கொடுத்தார். பாகா இனி என்ன செய்தாலும் அதை விரட்டக் கூடாது என்று மடத்தில் உள்ளவர்களிடம் கூறிவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாரிடம் போனால் புகலிடம் கிடைக்கும் என்பதை அந்த நாய் அறிந்திருந்தது. செய்தது தவறு என்பதையும் அது உணர்ந்திருந்ததாகவே அதன் பணிவு காட்டுகிறது. தவறை உணர்ந்தவன் ஓடி ஒளிவதும் உண்டு. திரும்பி வருவதும் உண்டு. அன்பு இருக்கும் இடத்திற்கு மட்டுமே அவன் திரும்பி வருவான்.

1902 ஜூலை 4 அன்று சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். பல காலத்திற்குப் பின் பாகா இறந்தபோது அதன் உடலைக் கங்கையில் இட்டனர். வெள்ளம் ஏறி இறங்கியபின் அவ்வுடல் மடத்தின் கரையிலேயே வந்து கிடந்தது. அதைக் கண்ட ஒரு பிரம்மசாரி மூத்த துறவியரின் அனுமதி பெற்று மடத்து நிலத்திலேயே அடக்கம் செய்தார். ஒருமுறை வெளியேற்றப்பட்ட நாய்க்கு அம்மண்ணில் நிலையான இடம் கிடைத்தது.

அன்பு என்பது அனுமதியா?

என்ன செய்தாலும் நேசிக்கலாம் என்றால் ஒழுக்கம் என்னாவது? பெற்றோரும் ஆசிரியரும் எழுப்பும் இந்த ஐயம் நியாயமானது. இதற்கான தெளிவை அன்னை ஸ்ரீசாரதா தேவியின் வாழ்க்கையில் காணலாம்.

ஜெயராம்பாடியில் அன்னையின் இல்லத்தில் ராதுவின் பூனை ஒன்று திரிந்துகொண்டிருந்தது. அது உணவைத் திருடித் தின்னும். பிரம்மசாரி ஞான் அதைக் கண்டாலே அடிப்பார். திருடுவது பூனையின் இயல்பு, அதற்கு அன்போடு உணவிடுபவர் யார் என்று அன்னை அவரிடம் கேட்டார். சில வேளைகளில் அன்னையும் பூனையைக் கண்டிக்கக் கோலை ஓங்குவதுண்டு. பூனையோ ஓடாமல் அன்னையின் காலடியிலேயே வந்து ஒடுங்கும். கோல் கீழே விழும், அருகிலிருப்போர் சிரிப்பர்.

அன்னை கல்கத்தாவிற்குப் புறப்பட்டபோது ஞானை அழைத்து இரண்டு செய்திகளைக் கூறிச் சென்றார். பூனைக்கும் சேர்த்துச் சோறு சமைக்க வேண்டும். அது பிறர் வீடுகளுக்குப் போகும்படி விட்டால் அவர்கள் நம்மை ஏசுவார்கள் என்பது முதலாவது. பூனையை அடிக்கக் கூடாது, அதற்குள்ளும் நான் இருக்கிறேன் என்பது இரண்டாவது.

இவ்விரண்டையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும். இரண்டாவது, எல்லா உயிரிலும் உறையும் ஒன்றைக் கண்ட நிலை. முதலாவது, அக்காட்சியிலிருந்து பிறக்கும் பொறுப்பு. நம் பூனை அடுத்த வீட்டுப் பாலைக் குடித்தால் அப்பழி நம்முடையது. அதைத் தடுக்கும் வழி, வயிறு நிறையச் சோறிடுவது. பூனையின் திருட்டை அன்னை புண்ணியம் என்று சொல்லவில்லை. அண்டை வீட்டாரின் கோபத்தை அற்பம் என்று ஒதுக்கவும் இல்லை. திருட்டிற்குக் காரணமான பசியைத் தாமே ஏற்றுக்கொண்டார். நேசிக்கப்படும் உயிரின் குற்றத்திற்கு நேசிப்பவரும் பங்காளி ஆகிறார். அனுமதி அளித்துவிட்டு விலகி நிற்பவரால் இதைச் செய்ய இயலாது.

பகவத் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்திலும் இவ்வரிசையைக் காணலாம். மிகக் கொடிய நடத்தை உடையவனும் ஒருமனத்துடன் பகவானை வழிபட்டால், அவன் நல்ல உறுதி கொண்டவன் ஆதலால், அவனைச் சாதுவாகவே கருத வேண்டும் என்கிறது ஒரு சுலோகம். அவன் விரைவில் தர்மாத்மா ஆகிறான் என்கிறது அடுத்த சுலோகம். நல்லவன் ஆனபிறகு ஏற்றுக்கொள்வதாகக் கூறப்படவில்லை. திரும்பி நிற்பவனை ஏற்பது முந்தியது, திருந்துவது பிந்தியது.

தார்நாகாவின் தெருவில்

படக்கதையில் வரும் நாய்க்கு வீடு உண்டு, கழுத்துப் பட்டை உண்டு, தடுப்பூசியும் போட்டிருப்பார்கள். இந்தியக் குழந்தை புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தால் காண்பது வேறு நாய். ஹைதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள தார்நாகாவை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு வீட்டில் இரவில் பாட்டி பேத்திக்கு ஜார்ஜின் கதையைப் படித்துக் காட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை பள்ளிக்குப் புறப்பட்ட குழந்தை தெருவில் படுத்திருக்கும் நாயைத் தடவிக்கொடுக்க ஓடுகிறது. பாட்டி பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கிறாள். "நீதானே பாட்டி சொன்னே, நாய்கிட்ட அன்பா இருக்கணும்னு?" என்று கேட்கும் குழந்தைக்குப் பாட்டி என்ன பதில் சொல்வாள்?

பாட்டியின் அச்சத்திற்குக் காரணம் உண்டு. தார்நாகாவிற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அம்பர்பேட்டையில், 2023 பிப்ரவரியில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தெருநாய்கள் கூட்டமாகக் கடித்ததில் உயிரிழந்தான். அவனுடைய தந்தை காவலாளியாக வேலைபார்த்த இடத்திலேயே அது நிகழ்ந்தது. வெறிநோய் சந்தேகமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தத் தந்தையின் முன் நின்று நாய்களை நேசிப்பதன் பெருமையைப் பேச எவருக்கும் நா எழாது. அவரது துயரத்தைத் தாங்க இயலாத ஜீவகாருண்யம் முழுமையானதாகாது.

ஸ்ரீராமகிருஷ்ணர் இதற்கும் வழிகாட்டியிருக்கிறார். எல்லாம் நாராயணனே என்று குரு சொன்னதைக் கேட்ட சீடன் மதயானையின் முன் வணங்கி நின்றான்; விலகு, விலகு என்று கத்திய பாகனின் சொல்லைக் கேளாமல் தூக்கி எறியப்பட்டான். யானை நாராயணன் என்றால் பாகனும் நாராயணன் அல்லவா, அவன் சொல்லை ஏன் கேட்கவில்லை என்றார் குரு. புலிக்குள்ளும் இறைவன் இருக்கிறான், அதற்காகப் புலியைக் கட்டித் தழுவ இயலாது என்பதும் குருதேவரின் உபதேசம். ஆகவே பாட்டி கூற வேண்டிய விடை இதுதான்: "நேசிக்கலாம் கண்ணே. ஆனால் தெரியாத நாயைத் தொடாமல் தள்ளி நின்று நேசிக்க வேண்டும்." எட்டி நிற்பது வெறுப்பின் அடையாளம் அன்று.

குழந்தைக்கு இந்த விடை போதும். பெரியவர்களுக்குப் போதாது. எச்சில் இலையையும் இறைச்சிக் கழிவையும் தெருவில் கொட்டிவிட்டு, அங்கே நாய்கள் பெருகினால் கல்லெறிவது அதர்மம். அதேபோல, இரவில் பிஸ்கட் போட்டுவிட்டு, அந்த நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா, அது யாரையேனும் கடித்ததா என்று கவலைப்படாமல் உறங்கச் செல்வதும் முழு அன்பு ஆகாது. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், முதலில் தலைநகர் டெல்லிப் பகுதியின் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. சில நாட்களிலேயே அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கொண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது, உணவிடத் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்றது. நாட்டின் மிக உயர்ந்த மன்றத்திற்கே இக்கேள்வி எளிதாக இருக்கவில்லை. பூனைக்குச் சோறிடு, அது அடுத்த வீட்டிற்குப் போகாதபடி பார்த்துக்கொள் என்று ஜெயராம்பாடியில் அன்னை சொன்னதில் இவ்விரு தரப்பு நியாயமும் அடங்கியிருக்கின்றன.

இத்தகைய பொறுப்பிற்குத் தார்நாகாவோடு தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை அளிக்க நீலகிரி மலையில் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. அந்நிலையத்தின் ஓர் அறையில்தான் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் உணவுக் குறைபாட்டு நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, இன்று தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நாய்க்கடிக்கு மருந்து தேடிய கூரையின் கீழேயே பசிக்கு மருந்து தேடும் பணியும் பிறந்தது. இன்றும் நாய் கடித்தால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டால் உயிரைக் காக்கலாம்; நோய்க்குறி தோன்றிய பின்னரோ மீள்வது மிக மிக அரிது. கதை சொல்லும் பாட்டி இதையும் சொல்லிக்கொடுக்கக் கடமைப்பட்டவள்.

நிமிராத வால்

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்பது ஊர்ப் பழமொழி. திருந்தாதவர்களைக் கைகழுவும்போது சொல்லப்படும் சொல் அது. சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவில் இதே நாய் வாலைக் கையாள்கிறார். ஆனால் பொருள் வேறு. ஓயாது வேலை கேட்ட பூதத்திடம், நாயின் சுருண்ட வாலை நிமிர்த்தும் வேலையைத் தரும்படி ஒரு முனிவர் சொல்லிக்கொடுத்தார். பூதம் நிமிர்த்தி நிமிர்த்திச் சோர்ந்தது; விட்டதும் வால் சுருண்டது. உலகமும் அவ்வாறே என்கிறார் சுவாமிஜி. அதை முற்றிலும் நிமிர்த்திவிட முடியாது. ஆனால் அதற்காக உழைப்பவன் அவ்வுழைப்பினாலேயே உயர்கிறான். ஆதலால் முயற்சியை விட வேண்டியதில்லை. வெறியும் கொள்ள வேண்டியதில்லை.

சேட்டை செய்யும் நாயை வளர்த்தவர்களுக்கு இது அனுபவ உண்மை. ஆயிரம் முறை சொல்லியும் செருப்பு கடிபட்டிருக்கும். ஆனால் முதல் செருப்புக்குக் கையை ஓங்கியவர், பத்தாவது செருப்புக்குச் சிரிக்கக் கற்றிருப்பார். செருப்பை உயரத்தில் வைக்கவும் கற்றிருப்பார். நாய் எவ்வளவு மாறியதோ தெரியாது, மனிதன் மாறிவிட்டான். அந்தப் பொறுமை வீட்டிலுள்ள குழந்தைக்கும் முதியவருக்கும் ஊழியருக்கும் பயன்படுகிறது.

குழந்தை தவறு செய்யும்போது, "நீ கெட்டவன்" என்று சொல்வதற்கும் "நீ செய்தது கெட்ட காரியம்" என்று சொல்வதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. முன்னது ஆளின்மேல் முத்திரை குத்துகிறது. பின்னது கழுவக்கூடிய அழுக்கைச் சுட்டுகிறது. அழுக்கைச் சுட்டிய கையே கழுவ நீரையும் ஊற்ற வேண்டும். தண்டனை தேவைப்பட்டாலும், அது முடிந்ததும் திரும்பி வரும் கதவு திறந்திருக்கிறது என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்த குழந்தை பொய் சொல்லி மறைக்காது. பாகாவைப்போல நேரே வந்து காலடியில் நிற்கும்.

எனவே, "இது நல்ல நாயா, கெட்ட நாயா?" என்று கேட்கும் குழந்தைக்குத் தயங்காமல் விடை சொல்லலாம்: "இது நம் நாய். செய்தது தப்பு. வா, நாம் இருவரும் சேர்ந்து அந்த இடத்தைச் சுத்தம் செய்வோம்." உறவு, உண்மை, பொறுப்பு மூன்றும் இவ்விடையில் அடங்கியுள்ளன. ராதுவின் பூனைக்காக அடுப்பில் ஒரு பிடி அரிசி கூடுதலாக இடச் சொன்ன அன்னையின் அருளால், இவ்விடையை எல்லா உயிர்களிடத்தும் செயலில் காட்டும் வலிமை ஒவ்வொரு வீட்டிற்கும் வாய்க்கட்டும்!